நாலு மாடி நெட்டச்சி

நெஞ்சில் ஒட்டிக்கொள்ளச் சொல்லி ஆளுக்கொரு மஞ்சள் வட்டம் கொடுத்தார்கள். பெரியக்கா அதன் பின்தாளை உரிக்கத் தெரியாமல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நெட்டச்சி அதைப் பிடுங்கி உரித்து அவள் சட்டையில் ஒட்டி, விழுந்துவிடாமல் இருக்க உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"மெல்லடீ. நெஞ்செலும்பு கழண்டு வந்துரப்போவுது."

"கழண்டா இங்கயே எங்கயாவது மாட்டி வச்சுருவாங்க. கலைப்பேட்டையாச்சே இது."

பெரியக்கா சிரித்ததில் முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாசலில் இப்படிச் சிரிக்கலாம் என்பதே நெட்டச்சிக்குப் புதிதாக இருந்தது. சாய ஆலையாக இது ஓடிய காலத்தில் வேலை முடிந்து வெளியே போகும்போது, இதே வாசலில் காவல்காரி இடுப்பைத் தடவிப் பார்த்துத்தான் விடுவாள், ஒரு முழத் துணியைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்களோ என்று. இன்றைக்கு அதே இடத்தில் ஒரு பெண் நின்று "வாங்கம்மா, வாங்க" என்று பல் தெரிய அழைக்கிறாள். காதில் மாட்ட ஒரு சின்னக் கருவியும் தந்தாள். வழிகாட்டி எவ்வளவு தள்ளிப் போய் நின்று பேசினாலும் குரல் நேராகக் காதுக்குள் வந்துவிடுமாம். ஆலையில் காது கேளாமல் போனவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு அப்போதே இதைக் கொடுத்திருக்கலாம் என்று நெட்டச்சி நினைத்துக்கொண்டாள்.

இருவரும் ஊர் நடுவில் இருக்கும் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள். நெட்டச்சி இஸ்திரி, பெரியக்கா மடிப்பு. ஓட்டலில் தங்க வந்த யாரோ சுற்றிப் பார்க்க வாங்கிய இரண்டு சீட்டுகளை விட்டுவிட்டுப் போக, வரவேற்பில் நிற்கும் பெண் அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். இதற்கு முன்பே வந்திருக்க வேண்டியதுதான். நெட்டச்சியின் மகளுக்கு இந்தக் கலைப்பேட்டையில்தான் உத்தியோகம். ஆனால் எப்போது கேட்டாலும் அவள் ஒரு காரணம் வைத்திருந்தாள். வெயில் தாழட்டும் என்பாள், கூட்டம் குறையட்டும் என்பாள், பெரியம்மா என்று அவள் கூப்பிடும் பெரியக்காவுக்கு இருக்கும் முட்டிவலிக்கு இவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பாள். நானே ஒருநாள் கூட்டிப்போகிறேன், நீங்களாகப் போய்விடாதீர்கள் என்பாள். ஒருநாள் ஒருநாள் என்று மூன்று வருசம் ஓடிவிட்டது. பிள்ளை வேலை நெருக்கடியில் இருக்கிறாள் என்றுதான் நெட்டச்சியும் விட்டிருந்தாள். பெரியக்காதான் விடவில்லை.

பெரியக்காவுக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை இல்லை. அவளுடைய தங்கை, சின்னவள், இந்த ஆலைக்குள்தான் செத்தாள். அப்போது பெரியக்கா ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தாள். சேதி கேட்டு அப்படியே சாம்பலும் மண்ணுமாக ஓடிவந்தவளை இந்த வாசலில் நிறுத்திவிட்டார்கள். அவள் இங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருக்கும்போதே சின்னவளைப் பின்வாசல் வழியாக வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். தாய் இல்லாத வீட்டில் தூக்கி வளர்த்த தங்கை எந்த இடத்தில் விழுந்தாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. நெட்டச்சிக்குத் தெரியும். துணி காயவைக்கும் ஒரே உருளையில் எதிரும் புதிருமாக நின்று வேலை பார்த்தவர்கள் அவர்கள். சின்னவளைப் புதைத்த மறுவாரம் பெரியக்கா அவளைத் தேடி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி நடந்தது என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நெட்டச்சி சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை, ஆனால் ஒருவரை ஒருவர் விட்டதும் இல்லை. கூடப்பிறந்தவளை இழந்த இடத்தில் பெரியக்கா இவளை வைத்துக்கொண்டாள். வையும்போதும் இவளைத்தான் வைவாள், உடம்பு முடியாமல் படுத்தால் கஞ்சி காய்ச்சச் சொல்வதும் இவளிடம்தான்.

"எடத்தைக் காட்டிருவேல்ல?" என்று வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"கண்ணைக் கட்டி விட்டாலும் போயிருவேன்கா" என்றாள் நெட்டச்சி.

உள்ளே வந்து பத்து எட்டு வைப்பதற்குள் அவளுக்குத் திசை தப்பிவிட்டது. கொதிகலன் அறை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்டு காப்பிக்கடை வைத்திருந்தார்கள். கரி கொட்டும் மேடையில் வெள்ளை நாற்காலிகள். நடுவில் நின்ற கூடங்களில் ஒன்றைக் காணவே காணோம், மொத்தமாக இடித்து முற்றமாக்கிவிட்டார்கள். சாயத்தண்ணீர் ஓடிய கால்வாயை மூடி மேலே சின்னச் சின்ன விளக்குகளைப் பதித்திருந்தார்கள். இந்த இடத்தில் மூக்கைப் பொத்தாமல் மூச்சு விட முடிகிறது என்பதே அவளை மேலும் குழப்பியது. நாற்றத்தை வைத்துத்தான் அப்போதெல்லாம் எந்தக் கூடத்தில் இருக்கிறோம் என்று தெரியும்.

வழிகாட்டி தாடி வைத்த ஒரு தம்பி. கையில் நீலத் துணி கட்டிய குச்சி. அதை உயர்த்திக்கொண்டு அவன் நடக்க, இருபது பேர் பின்னால் போனார்கள். தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு புருசன் பெண்டாட்டி, கல்லூரிப் பிள்ளைகள் சிலர், ஒன்று விடாமல் படம் பிடிக்கும் ஒரு வயதான ஆள், கடைசியில் இவர்கள் இருவரும். வளைந்த இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுற்றிலும் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று எழுதிப்போட்டிருந்த இடத்தில் தம்பி நின்று, பாரம் என்பதைப் பற்றிச் சிற்பி என்ன நினைத்தார் என்று சொன்னான்.

"தொடக்கூடாதாம்டீ" என்று பெரியக்கா கிசுகிசுத்தாள். "தூக்கலேன்னா நம்மள விட்டானுங்களா அன்னிக்கு?"

அடுத்து ஒரு வெள்ளை அறை. கூரையிலிருந்து நூல் கட்டி பழைய கையுறைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள், நூற்றுக்கணக்கில். காற்றாடி போட்டதும் எல்லாம் ஒரே பக்கமாக ஆடின. கல்லூரிப் பெண் ஒருத்தி என்ன அழகு, என்ன அழகு என்றாள். பெரியக்கா அண்ணாந்து பார்த்து, "கையெல்லாம் எங்கயாம்?" என்று கேட்டாள். சத்தமாகவே கேட்டுவிட்டாள். தம்பி அதை ஒரு நல்ல கேள்வி என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

"எங்கடீ எடம்?"

"வரும்கா. இந்தப் பக்கமாத்தான்."

மூன்றாம் கூடம். வாசலில் நீர்த்தொட்டி, உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கம் கடைசி உருளை. இத்தனை வருசமாக மனசுக்குள் அப்படியே இருந்த இடம்தான். ஆனால் நீர்த்தொட்டியும் இல்லை, இடது பக்கமும் இல்லை. பெரியக்காவிடம் என்ன சொல்வது என்று நெட்டச்சிக்குத் தெரியவில்லை. ஏதாவது ஒரு மூலையைக் காட்டி இதுதான் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். அப்போது தம்பி ஒரு திருப்பத்தில் நின்று, அடுத்து வருவதுதான் நம் கலைப்பேட்டையின் இதயம் என்று சொல்லி, எல்லோரையும் முன்னால் விட்டான்.

திரும்பியதும் சுவர்.

நாலு மாடி உயரத்துக்கு ஒரு பெண்ணின் முகம். தலையில் கட்டிய துணி வானத்தை முட்டிக்கொண்டிருந்தது. நீலமும் துரு நிறமுமாகத் தீட்டியிருந்தார்கள். கண் ஒவ்வொன்றும் ஒரு சன்னல் அகலம். வாயை மூடிக்கொண்டு, சிரிக்கப்போகிறாளா திட்டப்போகிறாளா என்று தெரியாதபடி பார்த்தாள். யாரோ தெரிந்த முகம் மாதிரி இருக்கிறதே என்று நெட்டச்சி நினைத்தாள். உடனே யார் என்று பிடிபடவில்லை. தன் முகத்தை மனிதர்கள் எப்போதும் கண்ணாடி அளவில்தான் பார்த்திருக்கிறார்கள். பெரியக்கா சுவரைப் பார்த்தாள், நெட்டச்சியைப் பார்த்தாள், திரும்பவும் சுவரைப் பார்த்தாள்.

"அடிப் பாவி" என்றாள். "நீதானடீ அது."

தாடைக்குக் கீழே இருந்த மச்சத்தைப் பார்த்ததும்தான் நெட்டச்சிக்கு உறைத்தது. அவளை அறியாமல் கை அந்த மச்சத்துக்குப் போனது. இளவயசில், ஆலை வாசலில், யாரோ எடுத்த படத்தில் இருக்கும் முகம்.

"நெட்டச்சின்னு பேரு வச்சதுக்கு நாலு மாடிக்கு இழுத்துட்டானுங்களே" என்று பெரியக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் வயிறு குலுங்கியது. "உம்மவ வேலைதான். அதான் வராத வராதன்னு சொல்லியிருக்கா கள்ளி. ஒருநாள் கூட்டிட்டு வந்து நிறுத்தி அசத்திப்புடலாம்னு."

நெட்டச்சி கண்ணை எடுக்காமல் அண்ணாந்து நின்றாள். இத்தனை வருசம் அடுத்தவர் படுத்த விரிப்பையும் உடுத்திய துணியையும் தேய்த்தே தேய்ந்துபோனவள். தன்னை யாரும் நின்று பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. இன்றைக்கு இருபது பேர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறார்கள். பெற்ற பிள்ளை செய்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற தள்ளுவண்டிக்காரியிடம், அம்மா அது நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள்.

அதற்குள் தம்பியின் குரல் காதுக்குள் இறங்கியது. இதுவரை பேசிய குரல் இல்லை, தணிந்த குரல்.

"இவங்க இந்த ஆலையில வேலை பாத்தவங்க. இப்ப நாம நிக்கிற இதே எடத்துல, அப்ப இது மூணாம் கூடம், ஈரத் துணிய அழுத்திக் காயவைக்கிற பெரிய உருளை இருந்துச்சு. ரெண்டு ரெண்டு பொம்பளைங்களா நிப்பாங்க. ஒருத்தங்க இந்தப் பக்கம் துணிய உள்ள விடணும், இன்னொருத்தங்க அந்தப் பக்கம் இழுக்கணும். ஒருநாள் துணியோட சேந்து இவங்க சட்டைக் கை உருளைக்குள்ள போயிருச்சு. கூட நின்னவங்க ஓடிப்போய் நிறுத்துறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. சின்ன வயசு. ஒரே ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு இன்னிக்கு எங்ககூடத்தான் வேலை பாக்குறாங்க. அம்மா செத்த எடத்துலயே."

தள்ளுவண்டிக்காரி மூக்கை உறிஞ்சினாள். யாரோ சே என்றார்கள்.

நெட்டச்சி பின்னால் நகர்ந்தாள். கூட்டத்தை விட்டு விலகி, முற்றத்தின் ஓரம் வரைக்கும் போனாள். குரல் கூடவே வந்தது. எவ்வளவு தள்ளிப்போனாலும் அதே சத்தம், அதே நெருக்கம், யாரோ வாயைக் காதில் வைத்துக்கொண்டு நீ செத்துப்போனாய் என்று சொல்வது மாதிரி. கருவியைக் கழற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கு அவள் இழுக்கிற பக்கம் நின்றாள். உருளைக்கு அந்தப் பக்கம் நிற்பவளின் முகம் தெரியாது, ஆவியில் தலைத்துணி மட்டும் தெரியும். சின்னவள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள், அவளுக்கு வாய் சும்மா இருக்காது. துணி வந்துகொண்டே இருந்தது. சூடாக, வெள்ளையாக, மடிப்பு மடிப்பாக வந்தது. அப்புறம் அது வெள்ளையாக வரவில்லை. இதைத்தான் அவள் பெரியக்காவிடம் சொன்னாள், இதற்கு மேல் சொல்லவில்லை, பெரியக்காவும் கேட்கவில்லை.

"இவங்க நெனப்பா ஒரு நிமிசம் அமைதியா நிப்போம்" என்றான் தம்பி.

எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். நெட்டச்சியும் குனிந்தாள். ஊரோடு சேர்ந்து குனிந்து பழகிய தலை, அதுவாகவே குனிந்துவிட்டது. தனக்காகத்தான் குனிகிறோம் என்று உறைத்தபோது தூக்குவதற்கும் தெரியவில்லை. செருப்பின் முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உடம்பு முழுக்க யாரோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, துடைக்காமல் போனது மாதிரி இருந்தது.

படம் பிடிக்கிற ஆள் கேட்டார்: "குடும்பத்துல வேற யாரும் இருக்காங்களா தம்பி?"

"அந்தப் பொண்ணு ஒண்ணுதான் சார். வேற நாதியில்ல."

நெட்டச்சி அப்போதுதான் பெரியக்காவைத் தேடினாள். பெரியக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். குனியவில்லை. சுவரையும் பார்க்கவில்லை. காலுக்குக் கீழே இருந்த கல்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதுதான் இடம் என்று கடைசியில் யாரோ ஒரு தாடிக்காரன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குனிந்து அந்தக் கல்லைத் தொடப்போகிறாள் என்று நெட்டச்சி நினைத்தாள். அவள் தொடவில்லை. காதில் இருந்த கருவியைக் கழற்றி, வயரைச் சுற்றி, தம்பியின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"முடியலையாம்மா? முட்டி வலிக்குதா?" என்று அவன் கேட்டான்.

"ஆமாப்பா" என்றாள் பெரியக்கா.

நடை முடியும் இடம் ஒரு கடை. இங்கே வந்து முடிந்தால்தான் வந்தவர்கள் ஏதாவது வாங்குவார்கள் போலிருக்கிறது. பைகள், குவளைகள், சட்டைகள், எல்லாவற்றிலும் நெட்டச்சியின் முகம். அடுக்கின மேசைக்குப் பின்னால் அவள் மகள் நின்று, துணிப்பை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். மூக்கின் மேல் மடிப்பு விழாதபடி, இரண்டு கையாலும் நீவி நீவி மடித்தாள். நிமிர்ந்தவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பின்னால் நின்ற பெரியம்மாவைப் பார்த்தாள். கையிலிருந்த பை மேசையில் விழுந்தது.

"யாரு கூட்டிட்டு வந்தா உங்கள?" என்று கேட்டாள். அதுதான் அவள் வாயில் முதலில் வந்தது.

"நாங்களேதான் வந்தோம்" என்றாள் பெரியக்கா. "செத்தவங்களுக்குத் துணை எதுக்கு?"

மகள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இருவரையும் கடைக்குப் பின்னால் இருந்த சரக்கறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். ஆள் நிற்க இடமில்லாமல் அட்டைப்பெட்டிகள். கதவைச் சாத்தியதும் அழ ஆரம்பித்தாள். நெட்டச்சி தேற்றவில்லை. கை தானாக எழுந்தது, அதைப் பிடித்து இன்னொரு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சொல்லு" என்றாள்.

மகள் விட்டு விட்டுச் சொன்னாள். அப்போது அவள் சீட்டுக் கிழிக்கும் வேலைக்குத் தற்காலிகமாக வந்திருந்தாள். சுவரில் வரைய வந்த ஓவியர், ஆலையில் வேலை செய்தவர்களின் படம் இருக்கிறதா என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்த அந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் அவரோடு உட்கார்ந்திருந்தபோது, சித்தி உருளையில் மாட்டியதையும் சொன்னாள். சின்னவளை அவள் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். சின்னவளின் இடுப்பில் இருந்து இறங்காமல் வளர்ந்த பிள்ளை. படத்தில் ஒரு முகத்தைத் தொட்டு, இது யார் என்று ஓவியர் கேட்டார். எங்கம்மா என்றாள். அவ்வளவுதான். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் சுவரில் சுண்ணாம்புக் கோடு. கலைப்பேட்டை முதலாளி அவளைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, உங்கம்மாவுக்கு நேர்ந்ததை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்றார். அந்த வாரமே வேலையை நிரந்தரமாக்கினார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான்மா போனேன். சாரத்துல ஏழு பேரு நின்னு உங்க மூக்கை வரைஞ்சிட்டு இருந்தாங்க. எப்படிச் சொல்ல?"

நெட்டச்சி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் பொய்யே சொல்லலம்மா. எங்கம்மான்னேன், அது நிசம். இங்க ஒருத்தங்க செத்தாங்கன்னேன், அதுவும் நிசம். ரெண்டையும் அவங்களா ஒட்டிக்கிட்டாங்க."

"நீ பிச்சு விட்டியா?"

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த எடத்துல நின்னு நீயும் சொல்றியா? அந்தத் தாடித் தம்பி மாதிரி?"

"ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லணும். நான் சொன்னாத்தான் கூட்டம் வரும்னு முதலாளி…"

"அழுவியா?"

"மொதல்ல எல்லாம் நிசமாவே வந்துச்சும்மா. சித்திய நெனச்சு. இப்ப வர்றதில்ல. கண்ணைத் தொடச்சாப் போதும், அவங்க அழுதுருவாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெட்டச்சி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விடிய எழுந்து தேய்க்கப்போய், கை கொப்பளித்து, படிக்க வைத்த பிள்ளை. நேற்று ராத்திரிகூடப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அம்மா உப்புக் குறைச்சல் என்று சொன்ன பிள்ளை. காலையில் வந்து அம்மா செத்துப்போனாள் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அம்மா பசிக்குது என்று கேட்டிருக்கிறாள். ஒருநாள் இல்லை, இரண்டுநாள் இல்லை. எந்த வாயால் அது, எந்த வாயால் இது என்று நெட்டச்சிக்கு விளங்கவில்லை. அடித்தால் விளங்குமா என்றும் தெரியவில்லை.

பெரியக்கா இவ்வளவு நேரமும் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் படம் இருக்கா?" என்று கேட்டாள்.

மகள் கைபேசியில் எடுத்துக் கொடுத்தாள். ஆலை வாசலில் நான்கு பெண்கள். முதலில் நெட்டச்சி, வெளிச்சம் முழுக்க அவள் முகத்தில். அவளுக்கு அடுத்தவள் யாரோ கூப்பிட்டுத் திரும்பியிருக்கிறாள், அல்லது சிரித்துக்கொண்டே திரும்பியிருக்கிறாள். ஒரு காது தெரிந்தது, தோள் தெரிந்தது, முதுகில் கிடந்த பின்னல் தெரிந்தது. சின்னவள் ஒரு இடத்தில் சும்மா நின்றதே கிடையாது.

"மூஞ்சி எங்க?" என்றாள் பெரியக்கா.

இரண்டு விரலால் பெரிதாக்கலாம் என்று மகள் காட்டிக் கொடுத்தாள். பெரியக்கா விரலை வைத்து விரித்தாள். காது பெரிதானது. இன்னும் விரித்தாள். காது போய்ப் பழுப்பும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாக நின்றது. அதற்குள் எங்கேயாவது முகம் இருக்கும் என்பது போல அவள் விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். கண்ணுக்கு மிகக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு கைபேசியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அவளிடம் தங்கையின் படம் ஒன்றுகூட இல்லை என்பது நெட்டச்சிக்குத் தெரியும்.

"என்னை மன்னிச்சிருங்க பெரியம்மா" என்றாள் மகள்.

"அவளுக்கு நாலு மாடி வேணாம் எனக்கு" என்றாள் பெரியக்கா. "ஒரு செங்கல் அகலத்துக்கு எடம் போதும். அதுல கொண்டுபோய் உங்க அம்மாவ வச்சிட்ட." எழுந்து நிற்கப் பார்த்தாள். நெட்டச்சி தாங்கப்போனாள். பெரியக்கா அந்தக் கையைப் பிடிக்காமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க இருந்து மககூட வாங்க. நான் மெதுவாப் போய்க்கிறேன்."

நீங்க. நெட்டச்சிக்கு முதலில் அது யாருக்குச் சொன்னது என்றே புரியவில்லை. இத்தனை வருசத்தில் அவளைப் பெரியக்கா 'டீ' போடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபம் வந்தால் நாயே என்பாள், பேயே என்பாள், நாலு நாள் பேசாமல்கூட இருந்திருக்கிறாள். மரியாதை கொடுத்ததில்லை.

"அக்கா."

பெரியக்கா திரும்பவில்லை. கதவைத் திறந்து, கடைக்குள் நெட்டச்சியின் முகங்களுக்கு நடுவே நொண்டி நொண்டிப் போனாள்.

திறந்த கதவில் முதலாளி தலையை நீட்டி, அடுத்த கூட்டம் காத்திருக்கிறது என்றார். மகளின் கண்ணைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, இன்றைக்கு அப்படியே போ, நன்றாகத்தான் இருக்கும் என்றார். நெட்டச்சியை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. சுவரில் இருப்பவளுக்கும் இவளுக்கும் நடுவில் இஸ்திரிப் புகையில் போன வருசங்கள் கிடந்தன.

அவர் போனதும் மகள் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அம்மா, வேலை போயிரும்மா. வேலை மட்டுமில்ல, ஏமாத்துக்காரின்னு பேப்பர்ல போடுவாங்க. நான் பெரியம்மாகிட்ட அப்புறமா பேசிக்கிறேன். கால்ல விழுறேன். நீங்க இப்ப பின்வாசல் வழியாப் போயிருங்க, யாரும் பாக்க மாட்டாங்க. ராத்திரி வந்து எல்லாம் பேசலாம்."

"பின்வாசல் வழியா" என்றாள் நெட்டச்சி.

"ஆமாம்மா."

மகள் முகத்தைக் கழுவினாள், நீலத் துணி கட்டிய குச்சியை எடுத்துக்கொண்டு போனாள். நெட்டச்சி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றாள். வெளியே, கூட்டத்தை வரவேற்கும் மகளின் குரல் கேட்டது. நல்ல குரல். திக்காமல், திடமாக, எல்லோரையும் பிடித்து இழுக்கிற குரல். இந்தக் குரலுக்காகத்தானே இவ்வளவும் செய்தோம் என்று நினைத்தாள். அந்தக் குரல் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்றும் நினைத்தாள். பின்வாசல் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும், அதை மட்டும் இடிக்காமல் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கமாகத்தான் நடந்தாள். பாதி தூரம் போனவளுக்கு முற்றத்தின் கோடியில் பெரியக்கா தெரிந்தாள். முட்டி ஒத்துழைக்காமல் ஒரு கல்லிருக்கையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய முற்றத்தில் அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அங்கே போய் உட்கார நெட்டச்சிக்குத் துணிச்சல் வரவில்லை.

மகள் கூட்டத்தைச் சுவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியபோது, பின்வாசலுக்குப் போகாமல் நெட்டச்சி அதற்குள் அங்கே வந்துவிட்டிருந்தாள். கூட்டத்தோடு அவள் நிற்கவில்லை. எல்லோரையும் தாண்டி, சுவருக்குப் போட்டிருந்த தாழ்வான கம்பியையும் தாண்டிப் போய், அந்த முகத்தின் தாடைக்கு நேர்கீழே, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றாள். வெயில் ஏறிய சுவர் முதுகில் சுட்டது. என்ன பேச வேண்டும் என்று அவள் எதையும் யோசித்து வரவில்லை. பேசுவாளா என்றே தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

மகள் குச்சியை உயர்த்தினாள். "இவங்க…" என்று தொடங்கினாள்.

அதற்கு மேல் வரவில்லை. கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கத்தில் அடைத்துக்கொண்டது என்று நினைத்து ஒரு அம்மாள் மகளின் தோளைத் தொட்டாள். யாரும் மேலே இருக்கும் முகத்தையும் கீழே நிற்கும் முகத்தையும் சேர்த்துப் பார்க்கவில்லை. முன்வரிசையில் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்த ஒருவர் மட்டும் தலையைச் சாய்த்து, மரியாதையாகத்தான் சொன்னார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். படத்துல விழுறீங்க."

நெட்டச்சி நகரவில்லை.

கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, தூரத்தில், பெரியக்கா இருக்கையிலிருந்து எழுந்துவிட்டது தெரிந்தது. ஒரு கையை முட்டியில் ஊன்றி, மறு கையை வீசிக்கொண்டு வந்தாள். அங்கிருந்து வாசலுக்குப் போவதானாலும் சுவருக்கு வருவதானாலும் முற்றத்தின் பாதிவரைக்கும் ஒரே வழிதான். அவள் எந்த அவசரமும் இல்லாமல், ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கால் வைத்து, அந்தப் பாதியை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.